நிரல்மொழி மாறும்போது பொருள் மாறும் சொற்கள்: முழுமையான வழிகாட்டி

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது. கோ மொழி 15 என்கிறது. ஸ்விஃப்ட் 3 என்கிறது. மூன்றும் சரியான விடைகள். பைத்தான் யூனிகோடு (உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் தரம்) வகுத்த குறியெண்களை எண்ணுகிறது, கோ அவற்றைச் சேமிக்கப் பிடிக்கும் பைட்டுகளை எண்ணுகிறது, ஸ்விஃப்ட் படிப்பவர் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் எழுத்துகளை எண்ணுகிறது. இப்போது சர்வரைக் கோ மொழியிலும், ஐபோன் செயலியை ஸ்விஃப்டிலும், அறிக்கைகளைப் பைத்தானிலும் எழுதும் ஒரு குழுவுக்கு, "பயனர் பெயர் 20 எழுத்துக்கு மேல் போகக்கூடாது" என்று ஒரு விதி தரப்படுவதாக வைத்துக்கொள்வோம். மூன்று பகுதிக்கும் பொறுப்பானவர்கள் அந்த வரியைப் படித்து, தலையசைத்து, தத்தம் மொழியில் நீளம் பார்க்கும் ஒரே வரியை எழுதி முடித்துவிடுவார்கள். பிறகு தமிழ்ச்செல்வி என்றொருவர் தம் பெயரைத் தமிழில் பதிவு செய்ய வருவார். அவர் பெயரின் நீளம் செயலிக்கு 7, அறிக்கைக்கு 13, சர்வருக்கு 39. செயலி ஏற்றுக்கொண்ட பெயரைச் சர்வர் திருப்பி அனுப்பும். நிரல் எழுதிய மூவரில் யாரும் தவறு செய்திருக்க மாட்டார்கள்.

ஒரு நிரல்மொழியில் ஓரளவு பழகிவிட்டு அடுத்த மொழிக்குப் போகிறவர்களுக்கும், பல மொழிகளைக் கலந்து வேலை செய்யும் குழுக்களுக்கும், இத்தகைய சொற்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு சோதித்து உறுதி செய்துகொள்ளும் முறையை இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதற்படி: தெரிந்த சொல்லைச் சந்தேகிக்கவும்

புதிய மொழியைக் கற்கிறவர்கள் பொதுவாகத் தெரியாத சொற்களைக் குறித்துவைத்துத் தேடிப் படிப்பார்கள். 'மோனாட்' என்ற சொல்லைக் கண்டால் எவருக்கும் ஒரு தயக்கம் வரும். அந்தத் தயக்கமே அவர்களைக் காப்பாற்றிவிடும். 'லிஸ்ட்', 'ஸ்டாடிக்', 'ரெஃபரன்ஸ்', 'பேக்கேஜ்' போன்ற சொற்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே, புதிய மொழியின் கையேட்டைப் படிக்கத் தொடங்கும்போது இரண்டு வண்ணங்களில் குறிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளவும்: தெரியாத சொற்களுக்கு ஒன்று, பழைய மொழியிலும் பயன்படுத்திய சொற்களுக்கு இன்னொன்று. இரண்டாவது வண்ணத்துக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

இரண்டாம் படி: சொல் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பார்க்கவும்

அவசரம் என்றால் நமக்குப் பரபரப்பு, தெலுங்கில் அதே சொல் தேவையைக் குறிக்கும், மலையாளத்தில் வாய்ப்பு. மூன்றும் ஒரே வடசொல்லிலிருந்து பிரிந்தவை என்பது தெரிந்த பிறகு, விசாகப்பட்டினத்துக்காரர் "அவசரம்" என்று சொல்லும்போது நாம் ஓடத் தேவையில்லை. நிரல்மொழிகளும் இப்படிக் குடும்பங்களாகவே இருக்கின்றன. ஒரு சொல் எந்தக் குடும்பத்துக்குள் எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால் அதன் பொருளைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

லிஸ்ட் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1950-களின் இறுதியில் பிறந்த லிஸ்ப் மொழியில் லிஸ்ட் என்பது கொக்கி போட்டுக் கோத்த சங்கிலி: ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மதிப்பும் அடுத்த கண்ணியின் முகவரியும் இருக்கும். ஹாஸ்கெல் அந்தப் பொருளை அப்படியே வைத்துக்கொண்டது. சி++ மொழியின் நிலையான நூலகத்திலும் லிஸ்ட் என்பது சங்கிலியே, ஆனால் முன்னும் பின்னும் போகக்கூடிய இரட்டைச் சங்கிலி. பைத்தானிலும் சி ஷார்ப்பிலும் லிஸ்ட் என்பது சங்கிலியே அல்ல. நினைவகத்தில் வரிசையாக அடுக்கப்பட்டு, இடம் போதாதபோது பெரிதாக்கிக்கொள்ளும் அடுக்கு. ஜாவாவில் லிஸ்ட் என்பது வெறும் ஒப்பந்தம். அடுக்காகவும் இருக்கலாம், சங்கிலியாகவும் இருக்கலாம், உள்ளே எது இருக்கிறது என்பதை உருவாக்கியவரே அறிவார். ஆர் மொழியிலோ, வெவ்வேறு வகை மதிப்புகளை ஒன்றாக வைக்கக்கூடிய தொகுப்புக்கு அந்தப் பெயர்.

இந்த வேறுபாடு வெறும் பெயர்த் தகராறு அல்ல. பைத்தானில் ஒரு லட்சம் உறுப்புகள் கொண்ட லிஸ்டை எண் கொடுத்து ஒவ்வொன்றாகப் படித்தால் ஒரு லட்சம் படிகளில் வேலை முடியும். அதே பழக்கத்தில் லிஸ்ப் சங்கிலியை எண் கொடுத்துப் படித்தால், ஒவ்வொரு முறையும் தலையிலிருந்து நடந்தே போக வேண்டியிருப்பதால், மொத்தம் ஏறத்தாழ 500 கோடி அடிகள் ஆகும். விடை ஒன்றுதான், பத்து உறுப்புகள் வைத்துச் சோதித்தால் வித்தியாசமே தெரியாது. எதிர்த்திசையிலும் இதே கதைதான்: சங்கிலியின் தலையில் ஓர் உறுப்பைச் சேர்ப்பது லிஸ்ப்பில் ஒரே அடி, பைத்தான் லிஸ்டின் தொடக்கத்தில் செருகினால் இருக்கிற அத்தனை உறுப்புகளும் ஓரிடம் தள்ளி உட்கார வேண்டும்.

அரே என்பதும் இப்படியே. சி மொழியில் அது ஒரே வகை மதிப்புகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட நினைவகப் பகுதி. பிஎச்பி மொழியில் அரே என்பது, வரிசையை மறக்காத ஒரு சாவி-மதிப்பு அட்டவணை. பைத்தான்காரர் 'டிக்ட்' என்றும், ரூபிக்காரரும் பெர்ல்காரரும் 'ஹாஷ்' என்றும், கோ எழுதுபவர் 'மேப்' என்றும் சொல்லும் பொருளுக்கு நெருக்கமானது. இதில் மேப் என்ற சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு: ஒரு தொகுப்பின் ஒவ்வோர் உறுப்பின்மீதும் ஒரு செயலை நிகழ்த்தி, விளைவுகளைப் புதிய தொகுப்பாகத் தருவதும் மேப்தான். "அந்த லிஸ்டை மேப் பண்ணிவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், சாவி-மதிப்பு அட்டவணையாக மாற்றச் சொல்கிறாரா, ஒவ்வொன்றின்மீதும் வேலை செய்யச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரே சொல் எவ்வளவு தூரம் பிரிய முடியும் என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 'ஃபங்க்டர்'. சி++ நிரலாளருக்கு அது செயற்கூறு (ஃபங்க்ஷன்) போல அழைக்கக்கூடிய ஒரு பொருள். ஹாஸ்கெல் நிரலாளருக்கு, உள்ளே இருக்கும் மதிப்பின்மீது மேப் செய்ய இடம் தரும் வகை. ஓகேமல் மொழியில், ஒரு மாட்யூலை வாங்கிக்கொண்டு இன்னொரு மாட்யூலைத் தருவது. ப்ரோலாக்கில், ஒரு கூட்டுச் சொல்லின் தலைப்பெயர், அதற்கு எத்தனை உறுப்புகள் என்ற எண்ணிக்கையோடு. நான்கு பேரையும் ஓர் அறையில் உட்காரவைத்து "ஃபங்க்டர் பற்றிப் பேசுங்கள்" என்றால் அரை மணி நேரம் உடன்பாட்டோடு பேசிக்கொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பேக்கேஜ், மாட்யூல் ஆகிய இரண்டையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பைத்தானில் ஒரு கோப்பு மாட்யூல். மாட்யூல்கள் அடங்கிய அடைவு (ஃபோல்டர்) பேக்கேஜ். கோ மொழியில் ஓர் அடைவில் உள்ள கோப்புகள் சேர்ந்து பேக்கேஜ். பேக்கேஜ்கள் சேர்ந்து மாட்யூல். எது பெரியது, எது சிறியது என்ற வரிசையே தலைகீழாக இருக்கிறது. ஜாவாவில் பேக்கேஜ் என்பது பெயர்வெளி, அதாவது பெயர்கள் மோதாமல் பிரித்துவைக்கும் ஏற்பாடு. 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து மாட்யூல் அதற்கும் மேற்பட்ட அடுக்கு. டெபியன் லினக்ஸில் பேக்கேஜ் என்றால் நிறுவத்தக்க மென்பொருள் பொதி.

மூன்றாம் படி: மூன்று வரிச் சோதனை எழுதவும்

கையேட்டில் வரையறையைப் படித்தால் போதும் என்று தோன்றும். போதாது, ஏனென்றால் வரையறையையும் நாம் பழைய மொழியின் கண்ணாடி வழியாகவே படிக்கிறோம். சந்தேகச் சொல் ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி நிரல் எழுதி ஓட்டிப் பார்க்க வேண்டும். எதைக் கொடுத்து ஓட்டுவது என்பதில்தான் சூட்சுமம். சாதாரண மதிப்புகளைக் கொடுத்தால் எல்லா மொழிகளும் ஒத்துப்போகும். சரிபாதி, எதிர்மம், வெறுமை, மிகப் பெரியது ஆகியவற்றில்தான் பிரியும்.

சரிபாதியை முதலில் பார்ப்போம். 2.5 என்ற எண்ணை முழுமையாக்கச் சொன்னால், பைத்தான் 3-இல் ரவுண்ட் 2 என்ற விடையைத் தரும். சரிபாதி வரும்போது பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் விதி. பைத்தான் 2 அதே கேள்விக்கு 3 என்றது. ஜாவாஸ்கிரிப்டும் ஜாவாவும் 3 என்கின்றன. இதைவிட வேடிக்கை எக்ஸெலில் இருக்கிறது: கட்டத்தில் எழுதும் ரவுண்ட் 3 என்கிறது, அதே எக்ஸெலுக்குள் மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவில் எழுதும் ரவுண்ட் 2 என்கிறது. கணக்குப் பிரிவு கட்டத்தில் சரிபார்த்த தொகை மேக்ரோவில் ஒரு ரூபாய் இடிக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

எதிர்மத்துக்குக் கிழமைக் கணக்கு நல்ல சோதனை. ஞாயிறு 0, திங்கள் 1 என்று வைத்துக்கொண்டு, திங்களுக்கு மூன்று நாள் முன்பு என்ன கிழமை என்று மீதி காணும் குறியால் கணக்கிடுவோம்: 1-இலிருந்து 3-ஐக் கழித்தால் -2, அதை 7-ஆல் வகுத்தால் மீதி என்ன? பைத்தானும் ரூபியும் 5 என்கின்றன, அது வெள்ளி. சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் -2 என்கின்றன. அந்த எண்ணில் கிழமை எதுவும் இல்லை. எழுதும் குறி ஒரே விழுக்காட்டுக் குறிதான். முன்னவை வகுக்கும் எண்ணின் குறியையும் பின்னவை வகுபடும் எண்ணின் குறியையும் மீதிக்குத் தருகின்றன.

லாக் என்ற செயற்கூற்றுக்கு 100-ஐக் கொடுத்துப் பாருங்கள். எக்ஸெல் கட்டத்திலும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலும் 2. பைத்தானிலும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திலும் 4.605 சொச்சம். முன்னவை பத்தடி மடக்கை, பின்னவை இயல் மடக்கை.

மதிப்பு மாறுமா என்பதையும் சோதனையில் சேர்க்கவும். ஜாவாஸ்கிரிப்டில் 'கான்ஸ்ட்' என்று அறிவித்த அரேக்குள் புதிய உறுப்பைத் தள்ளினால் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். மாறாதது அந்தப் பெயருக்கும் அரேக்கும் உள்ள கட்டு மட்டுமே. ஜாவாவின் 'ஃபைனல்' அப்படியே. "இது மாறாது" என்று ஒருவர் சொல்லும்போது பெயர் மாறாதா, பொருள் மாறாதா என்று கேட்க வேண்டும்.

நான்காம் படி: எல்லைச் சாவடிகளில் நின்று பார்க்கவும்

ஒரு மொழிக்குள் இருக்கும்வரை குழப்பம் அந்த ஒருவரோடு நிற்கும். ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்கும், தரவுத்தளத்துக்கும், கோப்புக்கும் மதிப்பு தாண்டிப் போகும் இடங்களில்தான் இழப்பு ஏற்படுகிறது. எழுத்து, எண், வெறுமை ஆகிய மூன்றும் எல்லையைத் தாண்டும்போது என்ன ஆகின்றன என்று தனித்தனியே பார்க்க வேண்டும்.

எழுத்தில் தமிழர்களுக்குக் கூடுதல் அக்கறை வேண்டும். தமிழ் இலக்கணப்படி 'மி' ஓர் எழுத்து, 'ழ்' ஓர் எழுத்து. யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய எழுத்துகளுக்கான 1988-ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றி அமைந்ததால், அகரமேறிய 'ழ' அங்கே அடிப்படை; அதன்மேல் புள்ளி வைத்து அகரத்தை நீக்கினால்தான் மெய் கிடைக்கும். இலக்கணத்தில் மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது. யூனிகோடில் உயிர்மெய்யோடு புள்ளி சேர்ந்து மெய் ஆகிறது. எனவே 'ழ' ஒரு குறியெண், 'ழ்' இரண்டு. குறியெண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் பிடிக்கும் என்பதால், தொடக்கத்தில் சொன்ன 3, 5, 15 ஆகிய மூன்று விடைகளும் வருகின்றன. (2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்த டேஸ்16 முறையில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் உண்டு, அங்கே எண்ணினால் 'தமிழ்' மூன்றுதான்.)

தரவுத்தளத்துக்குள் நுழைந்தால் 'லெங்த்' என்ற ஒரே பெயரிலேயே பிளவு இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 5 என்கிறது. மைஎஸ்க்யூஎல் 15 என்கிறது, அங்கே 5 வேண்டுமானால் வேறு பெயருள்ள செயற்கூற்றை அழைக்க வேண்டும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் 20 அளவுள்ள உரைப் புலம் என்று மட்டும் எழுதினால், இயல்பமைப்பில் அது 20 பைட்டு. தமிழுக்கு ஆறு குறியெண்கள், 'தமிழ்ச' என்பதோடு நிறைந்துவிடும், அடுத்த புள்ளிக்குக்கூட இடமிருக்காது. "ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து" என்பதும் ஆங்கிலத்துக்குச் சொன்ன கணக்கு. தமிழில் எழுதினால் 70, அதிலும் புள்ளியும் கொக்கியும் தனித்தனியே எண்ணப்படும்.

பெயரே தவறாக அமைந்த சொற்களும் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் 'யூடிஎஃப்8' என்ற எழுத்துக்குறி முறை நெடுங்காலமாக மூன்று பைட்டுகள் வரை மட்டுமே ஏற்றது. தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டுக்குள் அடங்குவதால், தமிழில் சோதித்தவர்கள் "யூனிகோடு சரியாக வேலை செய்கிறது" என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு பயனர் சிரிக்கும் எமோஜி போட்டபோதுதான் பிழை தெரிந்தது. முழுமையான முறைக்கு 5.5.3 பதிப்பிலிருந்து 'எம்பி4' என்ற பின்னொட்டு சேர்ந்த தனிப் பெயர் உண்டு. தமிழுக்குள்ளேயே நான்கு பைட்டு எழுத்துகள் இன்று இருக்கின்றன: 2019-இல் வந்த யூனிகோடு 12-இல் முந்திரி முதலான பழைய பின்னக் குறிகள் புதிய பகுதியில் இடம்பெற்றன. அந்த முந்திரிக் குறி ஒன்றை ஜாவாவிடம் கொடுத்து நீளம் கேட்டால் 2 என்கிறது. அதேபோல் பழைய நோட்பேடில் "யூனிகோடு" என்று சேமித்தால் கிடைத்தது யூடிஎஃப்-16. "ஆன்சி" என்று சேமித்தால் கிடைத்தது அந்தக் கணினியின் வட்டார எழுத்துக்குறி முறை. 2019-க்குப் பிந்தைய நோட்பேடில் "யூனிகோடு" என்ற பெயர் யூடிஎஃப்-16 என்று திருத்தப்பட்டுவிட்டது, "ஆன்சி" அப்படியே இருக்கிறது, பழைய கோப்புகளும் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன.

'சமம்' என்ற சொல்லையும் விடக்கூடாது. 'கோ' என்ற எழுத்தைக் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியெண்களாலும் எழுதலாம். ககரம், ஏகாரக் கொம்பு, கால் என மூன்றாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஸ்விஃப்ட் இரண்டும் சமம் என்கிறது. பைத்தான், ஜாவா, கோ ஆகிய மூன்று மொழிகளும் சமமில்லை என்கின்றன. கோமதி என்று தேடினால் பாதிக் கோமதிகள் மட்டும் கிடைப்பது இதனால்தான். ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்தை எந்த எல்லையில் செய்வது என்று குழு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

எண்ணில் பார்க்க வேண்டியது அகலம். சி மொழியின் 'லாங்' 64 பிட் லினக்ஸில் 64 பிட், 64 பிட் விண்டோஸில் 32 பிட். தொகைகளைப் பைசாவில் சேமிக்கும் நிரல் ஒன்று விண்டோஸுக்குப் போனால், 2 கோடியே 14 லட்சம் ரூபாய் தாண்டியதும் கணக்கு உடையும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டினால் கடைசி இலக்கங்களை உறுதியாக வைத்திருக்காது. ஆகையால் தரவுத்தளத்தின் 64 பிட் அடையாள எண்களை உலாவிக்கு அனுப்பும்போது உரையாக அனுப்புவதே பாதுகாப்பு. வட்டின் கொள்ளளவும் இந்த வகையே: 1 டெராபைட் என்று வாங்கியதை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவதில் கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. கிபிபைட், ஜிபிபைட் என்று பிரித்துச் சொல்லும் பெயர்களை 1998-இலேயே பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் தந்துவிட்டது. பேச்சுவழக்கு அதை ஏற்கவில்லை. 1.44 எம்பி நெகிழ்வட்டோ இரண்டு முறையையும் கலந்தது: 1440-ஐ 1024-ஆல் பெருக்கிய 14,74,560 பைட்டுகள்.

வெறுமைக்குத் தமிழில் நல்ல பிரிவினை இருக்கிறது: 'இல்லை' வேறு, 'தெரியாது' வேறு. தரவுத்தளங்களிடம் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் 'நல்' தெரியாதது என்ற பொருளில் இயங்குகிறது. அதனால் "குடும்பப் பெயர் குமார் அல்லாதவர்கள்" என்று தேடினால், குடும்பப் பெயர் நல் ஆக உள்ளவர்கள் விடையில் வரமாட்டார்கள். தந்தை பெயரின் தலைப்பெழுத்தோடு வாழும் நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. அது தெரியாத ஒன்றல்ல, இல்லாத ஒன்று. இதை வெற்று உரையாகச் சேமிக்கலாம் என்றால், ஆரக்கிள் வெற்று உரையையும் நல்லாகவே எடுத்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டில் 'நல்', 'அன்டிஃபைன்டு' என இரண்டு வெறுமைகள். நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் என்ற உரை வடிவுக்கு மாற்றும்போது முன்னது புலத்தோடு போகும், பின்னதில் புலமே மறைந்துவிடும். பெறும் சர்வர் 'நல்' என்றால் "அழித்துவிடு" என்றும், புலம் இல்லையென்றால் "தொடாதே" என்றும் புரிந்துகொள்ளும் வகையில் எழுதப்பட்டிருந்தால், இவ்விரண்டையும் குழப்புவது ஒருவருடைய முகவரியையே அழித்துவிடும்.

ஐந்தாம் படி: வினைச்சொற்களுக்குத் தனிப் பட்டியல் வைக்கவும்

பெயர்ச்சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் நிரல் தடுமாறும். வினைச்சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் வேலையே போய்விடும். நான் இருந்த ஒரு குழு, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியாகச் சப்வெர்ஷனை விட்டுக் கிட்டுக்கு மாறிய முதல் மாதம் இதை நேரில் பார்த்தது. சப்வெர்ஷனில் 'ரிவர்ட்' என்றால், நான் இன்னும் ஒப்படைக்காமல் என் கணினியில் செய்துவைத்த திருத்தங்களைக் கைவிடுவது. கிட்டில் 'ரிவர்ட்' என்றால், ஏற்கெனவே பதிவான ஒரு கமிட்டை (பதிந்த மாற்றத்தை) எதிர்த்திசையில் புரட்டும் புதிய கமிட் ஒன்றை உருவாக்குவது. பத்தாண்டு சப்வெர்ஷனில் பழகிய அண்ணன் ஒருவர், தம் கோப்பில் செய்த சோதனைத் திருத்தத்தைக் கைவிட நினைத்து, கடைசிக் கமிட்டின்மேல் ரிவர்ட் கொடுத்தார். அந்தக் கடைசிக் கமிட், பக்கத்து இருக்கைக்காரர் வரிக் கணக்கில் முந்தைய நாள் செய்த திருத்தம். அது புரண்டது, இவருடைய சோதனைத் திருத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. "என்ன இது, போகவே இல்லையே" என்று கையால் அழித்துவிட்டு அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து, திருத்தப்பட்ட பிழை திரும்பி வந்திருப்பதாகச் சோதனைக் குழு சொன்னது. பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காக, அவர் பெயரோடு இருந்தது.

'செக்அவுட்' சப்வெர்ஷனில் சர்வரிலிருந்து ஒரு படியை எடுத்துவருவது. கிட்டில் ஒரு கிளையிலிருந்து (இணையாக வளரும் இன்னொரு மாற்ற வரிசை) மற்றொன்றுக்கு மாறுவது, கோப்பின் பெயரைக் கொடுத்தாலோ அதில் சேமிக்காத திருத்தங்களை எச்சரிக்கையின்றி அழிப்பது. இந்தக் குழப்பத்தைக் கிட்டை உருவாக்குபவர்களே ஒப்புக்கொண்டது போல, 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் கிளை மாற 'ஸ்விட்ச்', கோப்பை மீட்க 'ரீஸ்டோர்' என்று இரண்டு தனிக் கட்டளைகள் வந்தன. புதியவர்களுக்கு இவ்விரண்டையும் மட்டுமே சொல்லித்தருவது நல்லது. 'கமிட்' என்பது சப்வெர்ஷனில் சர்வர் வரை போவது, கிட்டில் சொந்தக் கணினியோடு நிற்பது, தரவுத்தளத்தில் பரிவர்த்தனையை உறுதி செய்வது, "கமிட் செய்துவிட்டேன்" என்று தொலைபேசியில் சொல்பவரிடம் "எங்கே?" என்று ஒரு சொல் கேட்டால் போதும்.

ஆறாம் படி: துறை தாண்டும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்கவும்

மொழி மாறாமல் துறை மட்டும் மாறினாலும் சொற்கள் மாறும். கர்னல் என்பது இயக்க முறைமையின் கரு. வரைகலைச் செயலியில் ஓட்டும் செயற்கூறு. படத்தை மங்கலாக்கும் சிறு அணி. ஜூபிட்டர் குறிப்பேட்டின் பின்னால் ஓடும் நிரல். மூன்று எண்கள் கொண்ட வெக்டரைக் கணித ஆசிரியர் முப்பரிமாணம் என்பார், பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பை ஒரு பரிமாணம் என்னும். லினக்ஸ் போன்றவற்றில் திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சாளர முறைமையில் சர்வர் என்பது நம் முன்னால் இருக்கும் திரையை ஆள்வது. தொலைவிலுள்ள பெரிய கணினியில் ஓடும் நிரல்தான் கிளையன்ட். ஸ்கீமா என்பது மைஎஸ்க்யூஎல்லில் தரவுத்தளத்துக்கே இன்னொரு பெயர். போஸ்ட்கிரெஸில் ஒரு தரவுத்தளத்துக்குள் இருக்கும் பெயர்வெளி. ஆரக்கிளில் ஒரு பயனருக்குச் சொந்தமான பொருள்களின் தொகுப்பு.

இவற்றுள் பெரியவர்களையும் வழுக்கிவிடுவது 'கன்சிஸ்டன்சி'. பரிவர்த்தனைகளைப் பற்றிய ஆசிட் என்ற நான்கெழுத்துச் சுருக்கத்தில் அது, தரவின் விதிகள் எதுவும் மீறப்படாத நிலை. எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்து, கில்பர்ட்டும் லிஞ்ச்சும் 2002-இல் நிறுவிய, பல கணினிகளில் பரவிய தரவைப் பற்றிய கேப் தேற்றத்தில் அது, எந்தக் கணினியிடம் கேட்டாலும் கடைசியாக எழுதிய மதிப்பே விடையாகக் கிடைப்பது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி எழுதப்பட்ட வடிவமைப்பு ஆவணங்களை நான் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஏழாம் படி: குழுவுக்கு ஒரு சொற்பட்டியல்

அகராதி போல நீளமாகத் தொடங்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். உண்மையிலேயே ஒரு முறையாவது சண்டையோ பிழையோ ஏற்படுத்திய சொற்களை மட்டும் சேர்க்கவும். இருபது சொற்களுக்கு மேல் போனால் பழையவற்றை நீக்கவும். ஒவ்வொரு சொல்லுக்கும், நம் திட்டத்தில் அது எதைக் குறிக்கும், எந்தப் பகுதியில் மட்டும் அந்தப் பொருள் செல்லும், எதோடு குழம்பும், எந்தச் சோதனை அதைக் காக்கிறது என்ற நான்கும் எழுதப்பட வேண்டும். நான்காவது இல்லாத பட்டியல் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். முடிந்தால் குழம்பும் சொல்லையே தவிர்க்கவும்: 'நீளம்' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைப்பதற்குப் பதில் 'பைட்டு எண்ணிக்கை' என்றோ 'எழுத்து எண்ணிக்கை' என்றோ வைத்தால் பட்டியலில் ஒரு வரி குறையும்.

எட்டாம் படி: தமிழில் எழுதும்போது

தமிழ்க் கலைச்சொல் சில இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தெளிவானது. ஆங்கிலத்தில் ஃபங்க்ஷன் ஒன்றே; நம் பாடநூல்களில் கணிதத்தில் வருவது சார்பு, நிரலில் வருவது செயற்கூறு. செயற்கூற்றை வரையறுக்கும்போது எழுதும் அளபுருவையும், அழைக்கும்போது கொடுக்கும் செயலுருபையும் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் பிரித்தே படிக்கிறார்கள். வேலைக்கு வந்த பிறகுதான் இரண்டையும் கலக்கிறார்கள். மறுபக்கம், கணிதத்தின் மேட்ரிக்ஸும் நிரலின் அரேயும் தமிழில் 'அணி' என்ற ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. எந்திரக் கற்றல் பற்றித் தமிழில் எழுதுகிறவர், இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் ஒன்றையாவது ஒலிபெயர்த்து எழுதுவதே நேர்மை.

'எழுத்து' என்ற சொல்லைத் தேவை ஆவணத்தில் எழுத நேர்ந்தால், இலக்கண எழுத்தா, குறியெண்ணா, பைட்டா என்று அதே வரியில் சொல்லவும். எங்கள் பட்டியலில் அந்தச் சொல்லுக்கு எதிரே மூன்று சோதனைகள் இருக்கின்றன: தமிழ்ச்செல்வி என்ற பெயர் 7, 13, 39 என எண்ணப்படுகிறதா; இரண்டு விதமாக எழுதிய கோமதி ஒரே ஆளாகக் கிடைக்கிறாரா; ஒற்றை முந்திரிக் குறி தரவுத்தளத்துக்குள் போய் நான்கு பைட்டுகளோடு அப்படியே திரும்பி வருகிறதா. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் இவை மூன்றும் தாமாக ஓடுகின்றன, கடந்த ஆண்டு மூன்றாவது மட்டும் இரண்டு முறை சிவப்பாகியது.